யாழ்ப்பாணத்து ஜிம்காரருக்கு ஒரு திறந்த மடல்: புது ஆளின் முதல் அரை மணித்தியாலம்

யாழ்ப்பாணத்தில் ஜிம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே பயிற்சி கொடுக்கிற தம்பி தங்கைமாருக்கும்,

வணக்கம்.

மூன்று மாதக் காசை முன்கூட்டியே கட்டிவிட்டு, இரண்டாம் கிழமையோடு காணாமல் போகிறவர்களைப் பற்றித்தான் இந்த மடல். உங்கள் பதிவுக் கொப்பியைப் புரட்டினால் அவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். தை பிறந்ததும் கொஞ்சப் பேர், நல்லூர்த் திருவிழா முடிந்ததும் கொஞ்சப் பேர், வீட்டில் கலியாணம் ஒன்று வருகிறதென்றால் இன்னும் கொஞ்சப் பேர். வந்தார்கள், சேர்ந்தார்கள், போய்விட்டார்கள். "சோம்பல் அக்கா, சனத்துக்கு மனமில்லை" என்று உங்களில் ஒருவர் எனக்கே சொல்லியிருக்கிறார்.

நான் அதை நம்பவில்லை. போனவர்களில் பலரை எனக்குத் தெரியும். என்னோடு கந்தோரில் வேலை செய்கிறவர்கள், பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறவர்கள். விடிய நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு கட்டி, பிள்ளையை ரியூசனில் இறக்கிவிட்டு, நேரத்துக்கு வந்து கையெழுத்து வைக்கிறவர்களைச் சோம்பேறி என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? ஆண்களிலும் அப்படித்தான். வயலில் மூட்டை சுமக்கிற ஒருவர் உங்கள் வாசல் வரைக்கும் வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே திருப்பிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பாரம் தூக்கப் பயமா? இல்லை. உள்ளே போய் எங்கே நிற்பது, எதைப் பிடிப்பது, யார் பார்ப்பார்கள் என்கிற அந்தரம்தான் அவரைத் திருப்பி அனுப்பியது.

நீங்கள் அந்தக் கூடத்திலேயே வளர்ந்தவர்கள். உங்களுக்கு அது வீட்டு விறாந்தை. ஒருதடவை புது ஆளின் கண்ணால் அதைப் பாருங்கள். கதவைத் தள்ளியதும் காதடைக்கிற பாட்டு. நாலு சுவரிலும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் வயிறு. மேலே சட்டையில்லாத வெளிநாட்டுக்காரர்களின் படங்கள், ஒவ்வொருவரின் கையும் எங்கள் தொடையளவு. நடுவில் நாலைந்து பெடியள், தங்களுக்குள் சிரித்துக் கதைத்தபடி. அவர்கள் கிரிக்கெட்டைப் பற்றிச் சிரித்தாலும் அது தன்னைப் பார்த்துச் சிரித்ததாகத்தான் புது ஆளுக்குப் படும். பயிற்றுநர் தூரத்தில் நின்று, "அங்க போய் வோர்ம் அப் பண்ணுங்கோ, வாறன்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனைப் பார்க்கிறார். வோர்ம் அப் என்றால் என்ன செய்வது?

அதற்குப் பிறகு அந்தக் கயிறு இழுக்கிற கருவி. பாரத் தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, நடுவில் ஒரு இரும்பு ஊசி செருகியிருக்கும். முன்னால் செய்தவர் அதை அறுபதில் விட்டுவிட்டுப் போயிருப்பார். புது ஆள் இருக்கையில் இருந்து இழுக்கிறார், தட்டு அசையவில்லை. ஊசியைக் கழற்றலாம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஊசி இறுகிப்போய் வராது; தட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு இழுத்தால்தான் வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. இருக்கையின் உயரத்தை மாற்றுகிற குமிழ் கீழே பின்பக்கம் இருக்கிறது, அதுவும் தெரியாது. கால் நிலத்தில் எட்டாமல் தொங்க, இன்னொருக்கால் இழுத்துப் பார்க்கிறார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி எழும்பிப் போய்த் தண்ணீர் குடிக்கிறார். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் ட்ரெட்மில்லில்தான். நடப்பது என்றால் எல்லோருக்கும் தெரியும்தானே. உங்கள் ட்ரெட்மில்களில் புது ஆட்கள் ஏன் குவிகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒளிந்துகொள்ள அங்கே மட்டும்தான் இடமிருக்கிறது.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. ஆட்கள் பார்க்கும்போது நமக்கு என்ன நடக்கிறது என்பதை உளவியல்காரர்கள் நூறு வருடத்துக்கு மேலாக ஆராய்கிறார்கள். ரொபர்ட் சயன்ஸ் என்பவர் 1965இல் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: நன்றாகப் பழகிய வேலையை ஆட்கள் முன்னால் செய்தால் இன்னும் நன்றாக வரும், பழகாத வேலை ஆட்கள் முன்னால் இன்னும் குழம்பும். 1982இல் அமெரிக்காவில் பில்லியட்ஸ் மேசையருகே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் தனியே ஆடும்போது நூற்றுக்கு 71 அடி சரியாக விழுந்தது. நாலு பேர் கிட்ட வந்து நின்றதும் அது 80 ஆனது. ஆடத் தெரியாதவர்களுக்கு 36 ஆக இருந்தது 25க்கு இறங்கியது.

உங்கள் கூடத்தில் தினமும் நடப்பது இதேதான். பழைய பெடியனுக்குக் கூட்டமும் பாட்டும் கண்ணாடியும் உசார் கொடுக்கின்றன; அவன் இன்னொரு தட்டைக் கூடப் போடுகிறான். அதே கூட்டம் புது ஆளின் கையைக் கட்டிப்போடுகிறது. கூடத்தை நீங்கள் அமைத்திருப்பது முழுக்க முழுக்க முதலாவது ஆளுக்காக. அவனோ எப்படியும் வரப்போகிறவன். மாட்டுக்கொட்டிலில் பாரத்தை வைத்தாலும் வருவான்.

கண்ணாடியைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. 2003இல் கனடாவில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 58 பெண்களை 20 நிமிடம் நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள், கண்ணாடிக்கு முன்னாலும், கண்ணாடி இல்லாமலும். கண்ணாடியைப் பார்த்து மிதித்தபோது பயிற்சி முடிந்ததும் அவர்களின் மனநிலை மோசமாக இருந்தது. தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படுகிறவர்களுக்கு மட்டும் அப்படி என்றில்லை, கவலைப்படாதவர்களுக்கும் அதேதான். கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லவில்லை. குந்தி எழும்பும்போது முழங்கால் எங்கே போகிறது, முதுகு வளைகிறதா என்று பார்க்கக் கண்ணாடி வேண்டும்தான். ஆனால் ஒரு மூலை, ஒரேயொரு மூலை, வெறும் சுவராக இருக்கட்டும். அங்கே இரண்டு சைக்கிளும் கொஞ்சம் சின்ன டம்பெல்களும் ஒரு பாயும் போட்டுவிடுங்கள். செலவே இல்லாத வேலை.

"உங்களை ஒருத்தரும் பார்க்கேல்லை, பயப்பிடாதேங்கோ" என்பது நீங்கள் எல்லோருக்கும் சொல்கிற ஆறுதல். அதற்கும் ஆய்வு இருக்கிறது, மறுக்கவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு பாரி மனிலோ என்கிற பாடகரின் படம் போட்ட ரீசேட்டைப் போடச்செய்து, ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அந்த வயதில் அதைப் போடுவதே மானக்கேடு. பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது நாலில் ஒருவர் அளவுதான். 2000ஆம் ஆண்டில் வெளியானது.

ஆனால் அது அமெரிக்கா. யாழ்ப்பாணத்தில் யாரும் பார்ப்பதில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விடுப்புப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பொழுதுபோக்கு. ஒரு பெண் சைக்கிளில் வழமையை விட்டு வேறு ஒழுங்கையால் போனாலே, வீடு வந்து சேர முன்னம் செய்தி வந்துவிடும். ஆகவே அந்தப் பொய்யை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லுங்கள்: "ஓம், ஒருக்காத் திரும்பிப் பார்ப்பினம். பிறகு தங்கட கண்ணாடிக்குத் திரும்பிவிடுவினம்." எனக்கு உதவியது அதுதான். பார்வை வரும், இரண்டு மூன்று விநாடி நிற்கும், போய்விடும் என்று தெரிந்த பிறகு அதைத் தாங்குவது பெரிய காரியமாக இருக்கவில்லை. அதிலும் ஜிம்மில் இருக்கிறவர்கள் உலகத்திலேயே தங்களைத்தான் அதிகமாகப் பார்க்கிறவர்கள். அதில் அவர்களை அடிக்க ஆளில்லை.

பார்வையைவிட மோசமானது வாய். எங்கள் ஊரில் ஒருவரைக் கண்டால் முதலில் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. "என்ன, நல்லா உடம்பு வைச்சிட்டீர்." மெலிந்தால், "என்ன, வருத்தமே?" அன்பில்தான் கேட்கிறார்கள். அந்த அன்பிலிருந்து தப்பத்தான் பலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு உங்களிடம் வந்தால், காசு கட்டுகிற மேசைக்குப் பக்கத்திலேயே தராசு. நான் முதலில் சேர்ந்த ஒரு இடத்தில், எல்லோரும் பார்க்க ஏறச்சொல்லி, இலக்கத்தை உரத்து வாசித்து, அந்தப் பக்கம் கொப்பி வைத்திருந்த பெடியனுக்குச் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை என்று திரும்பவும் வாசித்தார்கள். தராசை உள்ளறையில் வையுங்கள். அதைவிட, நிறையைக் குறைக்க வந்தீர்களா என்று கேட்காதீர்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவருக்கு முழங்கால் நோ, இன்னொருவருக்குச் சீனி வருத்தம், மற்றவருக்கு இரவில் நித்திரையில்லை. எல்லோரையும் ஒரே தராசில் ஏற்றினால் எப்படி?

(அன்ரி என்று கூப்பிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் முப்பத்திரண்டு வயதுப் பிள்ளையை அன்ரி என்றால் அவள் அடுத்த நாள் வரமாட்டாள். அக்கா என்பதில் ஆபத்துக் குறைவு.)

இனி, எங்கள் மண்ணுக்கென்றே உள்ள விசயம். வேறு ஊர் ஜிம் புத்தகத்தில் இது இருக்காது. முப்பத்தைந்தைத் தாண்டி உங்களிடம் வருகிற ஆட்களில் சிலரின் உடம்புக்குள் யுத்தத்தில் பட்ட செல் துண்டு இன்னமும் இருக்கிறது. தோளில் தழும்பு இருக்கிறவர் கையில்லாத பெனியனை ஒருநாளும் போடமாட்டார். செயற்கைக் காலோடு நடக்கிறவர் நீளக் காற்சட்டையைக் கழற்றமாட்டார், அது இருப்பதையும் தானாகச் சொல்லமாட்டார். அப்படிப்பட்டவரை நாலு பேர் முன்னால், "ஏன் அண்ணை, கையை முழுசா உயர்த்துங்கோவன்" என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? சிரித்துவிட்டுப் போவார், பிறகு வரமாட்டார். முதல் நாளில் ஐந்து நிமிடம் தனியாக இருத்தி, "பழைய காயம், ஒப்பரேசன், பிரஷர், சீனி ஏதும் இருக்கோ? செய்ய விருப்பமில்லாத பயிற்சி ஏதும் இருக்கோ?" என்று கேளுங்கள். சிசேரியன் ஆன பெண்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு பெண்ணே கேட்டால் நல்லது. சீனிக்கு இன்சுலினோ குளிசையோ பாவிக்கிறவரிடம் சாப்பிட்டுவிட்டா வந்தீர்கள் என்று கேட்பது மரியாதைக்காக இல்லை. வெறும் வயிற்றோடு வந்து பயிற்சி செய்தால் சிலருக்குச் சீனி இறங்கி மயக்கம் வரலாம். மேசை லாச்சியில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்திருங்கள்.

பாரத்தை நிலத்தில் தொப்பென்று போடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். பெடியளுக்கு அது கெத்து. எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் முதுகுத்தண்டில் விழும். 2009க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது விளங்காவிட்டாலும் குற்றமில்லை, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு ரப்பர் விரிப்பும் ஒரு வார்த்தையும் போதும்.

சரி, புது ஆளுக்கு என்னதான் செய்வது? என் கோரிக்கை ஒன்றுதான். முதல் அரை மணித்தியாலத்தை அவருக்குக் கொடுங்கள். முழுசாக, போனைப் பையில் போட்டுவிட்டு.

அந்த அரை மணியில் மூன்று கருவிகளுக்கு மேல் காட்டாதீர்கள். காலுக்கு ஒன்று, தள்ளுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இருக்கையை எப்படி ஏற்றி இறக்குவது, ஊசியை எப்படிக் கழற்றுவது என்பதை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டினால் அவர் தலையாட்டுவார், அவ்வளவுதான், கை பழகாது. அவருக்குரிய துளை எத்தனையாவது, பாரம் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். உங்கள் கருவி ஒன்றில் கிலோ இருக்கிறது, பக்கத்துக் கருவியில் இறாத்தல் இருக்கிறது. அதையும் அந்தத் துண்டிலேயே எழுதிவிட்டால் அடுத்த நாள் அவர் யாரிடமும் கேட்காமல் நேரே போய் இருக்கலாம். கையில் அந்தத் துண்டு இருக்கிற ஆளின் நடையே வேறு. எனக்கு எழுதித் தந்த துண்டு வியர்வையில் நைந்து, மடிப்பில் கிழிந்து, எழுத்து அழிந்த பிறகும் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். பார்க்கத் தேவையில்லைதான், இருக்கிறது என்பதே ஒரு தைரியம்.

ட்ரெட்மில்லை "நடக்கிறதுதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஏறும்போது ஓடுகிற பட்டியில் கால் வைக்காமல் இரண்டு பக்கத்து விளிம்பிலும் நிற்க வேண்டும். மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கால் வைக்க வேண்டும். சிவப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டினால், விழப்போனால் இயந்திரம் தானாக நிற்கும். உங்களிடம் பல கருவிகளில் அந்தக் கிளிப்பைக் கைபிடியில் சுற்றி வைத்திருக்கிறார்கள், அங்கே இருந்து அது யாரைக் காப்பாற்றும்? சுடிதாரோடு வருகிறவர்களிடம் துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அதைக் கழற்றி வைக்க ஒரு கொளுவியும், பூட்டக்கூடிய கதவுள்ள ஒரு அறையும் வேண்டும். உடுப்பு மாற்றுகிற அறைக் கதவின் பூட்டு உடைந்து கிடக்கிற இடத்தில் பெண்கள் ஏன் நிற்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

இன்னுமொன்றை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பயந்த மனிதருக்கு நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பயிற்சி செய்கிறவருக்கும் அதே மூன்றும்தான் வரும். பதகளிப்போடு வந்தவர் ஐந்து நிமிடம் நடந்ததும் நெஞ்சடிப்பைக் கேட்டு, "எனக்கு ஏதோ செய்யப்போகுது" என்று இறங்கிவிடுவார். இறங்கியதும் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் பொல்லாதது; அடுத்த தரம் இன்னும் கெதியாக இறங்கச் சொல்லும், பிறகு வராமலே விடச் சொல்லும். ஆகவே கதைக்கக்கூடிய அளவு வேகத்தில், பாட முடியாத அளவு வேகத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். "நெஞ்சு அடிக்கும், அது வேலை செய்யுது, கொஞ்சத்தால இறங்கும்" என்று சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை அது ஏறி இறங்குவதை உடம்பு கண்டால் மனம் தானாக அடங்கும். நெஞ்சுக்குள் நோவது, தலை சுற்றுவது, இடது கை கடுப்பது வேறு கதை. அப்போது உடனே நிறுத்த வேண்டும், வைத்தியரிடம் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் உங்களிடமிருந்து அறியாவிட்டால் வேறு யாரிடமிருந்து அறிவது?

அப்புறம் அந்தத் தசை நோ. முதல் நாளைக்குப் பிறகு ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை வலிக்கும், இரண்டாம் நாள் கக்கூசில் குந்தி எழும்ப முடியாது. தெரிந்தவருக்கு அது சாதாரணம். தெரியாதவர் எங்கேயோ நரம்பு அறுந்துவிட்டதென்று எண்ணெய் தேய்த்துப் படுத்துவிடுவார், வீட்டில் உள்ளவர்களும் "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்பார்கள். முதல் நாளில் பாரத்தைக் குறைத்துக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை இல்லை. ஆனால் உங்களில் சிலருக்கு, ஆளைப் படுக்கையில் விழுத்தினால்தான் தாங்கள் நல்ல மாஸ்டர் என்று ஒரு எண்ணம்.

கிழமைக்கு ஆறு நாள் வரவேண்டும் என்று கட்டளை போடுவதும் அந்த எண்ணத்தின் தம்பிதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது நடுத்தர வேக உடலசைவும், இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் என்றுதான் இருக்கிறது. பண்ணையிலோ ஆரியகுளத்தடியிலோ விடிய நடக்கிறவர், கந்தோருக்குச் சைக்கிளில் போகிறவர், நல்லூர் வீதியைச் சுற்றி வருகிறவர் அந்த 150இல் பெரும்பகுதியை ஏற்கெனவே முடித்துவிடுகிறார். உங்களிடம் அவருக்குத் தேவையானது அந்த இரண்டு நாள் மட்டும். "கிழமைக்கு இரண்டு தரம் வாங்கோ, அரை மணி போதும், களைச்சால் இருபது நிமிசத்தில் போங்கோ" என்றால் எத்தனை பேர் நிம்மதியாக மூச்சு விடுவார்கள் தெரியுமா?

எங்கள் வயதுப் பெண்கள் சைக்கிள் பழகிய காலம் உங்களுக்கும் வீட்டில் சொல்லியிருப்பார்கள். பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் எல்லோரும் பழகித்தான் ஆகவேண்டும். அண்ணனோ மாமாவோ பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். திட்டினால் விழுவோம், பிடித்தால் ஓடுவோம், எப்போது விட்டார் என்றே தெரியாது. உங்கள் கூடத்தில் கரியரைப் பிடிக்க ஆளில்லை என்பதுதான் நான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தது. அது ஒரு மாதம் முழுக்கப் பிடிக்க வேண்டிய கரியர் இல்லை.

பழைய அங்கத்தவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் கெட்டவர்கள் இல்லை, பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். ஒரு தரம் ஒரு தம்பி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து, "அக்கா, இதில நீங்கள் மற்றப் பக்கம் திரும்பி இருக்க வேணும்" என்று மெதுவாகச் சொல்லி, ஊசியையும் மாற்றித் தந்துவிட்டுப் போனான். நான் கருவியில் தலைகீழாக இருந்திருக்கிறேன். அவன் சிரிக்கவில்லை, அவன் கூட்டாளிகளும் சிரிக்கவில்லை. அப்படி இருங்கள். கேட்காமல் வந்து இருபது நிமிடம் வகுப்பெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அப்படி இருக்காதீர்கள். முடிந்ததும் ஊசியைக் குறைந்த பாரத்துக்கு மாற்றிவிட்டு எழும்புங்கள். வீடியோ எடுக்கிறதென்றால் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு பெண்ணின் வியர்த்த முகம் உங்கள் ரிக்ரொக்கில் அரை விநாடி வந்தாலும், அதைக் கனடாவில் இருக்கிற சித்தி பார்த்துவிட்டு அன்றிரவே இங்கே அழைப்பெடுப்பா. உரிமையாளர்களே, கண்ணாடிக்கு முன்னால் எடுக்கவே கூடாது என்று ஒரு பலகை போடுங்கள். பெடியள் முணுமுணுப்பார்கள், போகமாட்டார்கள்.

சுவரில் இருக்கிற படங்களையும் நேரம் கிடைத்தால் மாற்றலாம். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் எங்கள் ஊர் ஆள். 2.08 மீற்றர் உயரத்தோடு வலைப்பந்தில் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வாங்கித் தந்த தர்ஜினி சிவலிங்கமும் இந்த மண்ணின் பிள்ளைதான். அந்த உயரத்தோடு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்திருக்கிற ஒருவருக்குப் பார்வை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவருடைய படத்துக்குக் கீழே நின்று டம்பெல் தூக்க எனக்குக் கூச்சம் வராது.

வியாபாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம், அதுதானே கடைசியில் வரும். காசு கட்டிவிட்டு வராதவர் உங்களுக்கு இலாபம் என்பது எனக்குத் தெரியும். அமெரிக்காவில் இரண்டு பொருளியல் அறிஞர்கள், டெல்லவிக்னாவும் மல்மெண்டியரும், 2006இல் இதை எழுதினார்கள்: மாதக் கட்டணம் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 தடவைதான் போனார்கள், ஒரு தடவைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. பத்துத் தடவைக்கான அனுமதிச் சீட்டு எடுத்திருந்தால் ஒரு தடவைக்கு 10 டொலர்தான். பெரிய நகரத்தில் அப்படி நடத்தலாம்; அங்கே ஒருவர் போனால் அடுத்தவர் வருவார், யாருக்கும் யாரையும் தெரியாது. இங்கே உங்களிடம் வராமல் விட்டவர் கந்தோரில் பத்துப் பேரோடு இருந்து சாப்பிடுகிறார். அவர் "எனக்கு அது சரிவரேல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பத்துப் பேரும் உங்கள் வாசலை மிதிக்கமாட்டார்கள். பத்துத் தடவைச் சீட்டை நீங்களும் வைத்துப் பாருங்களேன். மூன்று மாதத்துக்குக் கட்டப் பயந்தவர் பத்துத் தடவைக்குக் கட்டுவார்.

கடைசியாகப் பெண்களுக்கான நேரம். உங்களில் பலர் அதைக் காலை ஒன்பதரையிலிருந்து மத்தியானம் வரை வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் வேலைக்குப் போகிற எந்தப் பெண் வருவாள்? வீட்டில் இருக்கிறவளும் அப்போது சமையலில் நிற்பாள். கூடம் வெறுமையாக இருக்கிற நேரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "லேடீஸ் டைம் வைச்சம், ஒருத்தரும் வரேல்லை" என்பது கணக்கில் சேராது. கிழமையில் இரண்டே இரண்டு பின்னேரம், ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை, பெண் பயிற்றுநர் ஒருவரோடு ஒதுக்குங்கள். எல்லாப் பெண்களுக்கும் என்றைக்கும் தனி நேரம் வேண்டும் என்பதில்லை; நான் இப்போது பொது நேரத்தில்தான் போகிறேன். ஆனால் கையும் கருவியும் பழகும் வரைக்கும் அது வேண்டும்.

எந்த இரண்டு நாள் என்று முடிவெடுத்ததும் வாசலில் கொட்டை எழுத்தில் எழுதிப் போடுங்கள். என் கந்தோரில் காசு கட்டிவிட்டு இடையில் வராமல் விட்டவர்கள் இருக்கிறார்கள், நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். சேர்வுக் கட்டணத்தை மட்டும் அவர்களிடம் இரண்டாம் தரம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து ஓர் அங்கத்தவர்